தமிழுக்கு மாற்றியதும் படிவம் கலைகிறது: லேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் மக்களே. பத்து நாளாக ஒரே ஒரு படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம், அவர்களுக்கு முன்பதிவுப் பக்கம் செய்து தருகிறேன். பெயர், வயது, கைபேசி எண், என்ன பரிசோதனை, எந்தத் தேதி, கீழே இரண்டு பொத்தான், அவ்வளவுதான் படிவமே. டிசைன் ஆங்கிலத்தில் வந்தது, அப்படியே கட்டினேன், பளிச்சென்று இருந்தது. சொற்களைத் தமிழுக்கு மாற்றினேன், அன்றைக்குப் பிடித்தது சனி.

லேபிளுக்கு மேலே 16 பிக்சல், கீழே 16 பிக்சல் மார்ஜின் (லேபிள் என்றால் பெட்டியின் பெயர், மார்ஜின் என்றால் வெளிப்பக்க இடைவெளி). உள்ளீட்டுப் பெட்டிக்கு மார்ஜினே இல்லை. பொத்தானுக்கு உயரம் 40, லைன்-ஹைட் (எழுத்தளவுக்கு எத்தனை மடங்கு வரி உயரம்) 1. ஆங்கிலத்தில் "கன்ஃபார்ம்", "கேன்சல்" என்று இருந்தவை தமிழில் "முன்பதிவை உறுதிப்படுத்து", "முன்பதிவை ரத்து செய்" ஆகிவிட்டன. 360 பிக்சல் அகலப் போனில் இரண்டும் இரண்டு வரியாக மடங்கி, இரண்டாவது வரி பொத்தானை விட்டு வெளியே தொங்குகிறது. ஓவர்ஃப்ளோவை, அதாவது வெளியே தொங்குவதை, மறைத்துப் பார்த்தேன், "து"வின் கால் வெட்டுப்பட்டுக் கிட்டத்தட்ட "த" ஆகிவிட்டது.

இதைவிடக் கேவலம், சோதனைக்கு விட்ட முதல் நாளே நிலையத்து வரவேற்பில் இருக்கும் அக்கா போன் செய்து, "தம்பி, ஒரு பெரியவருக்கு வயது பத்து இலக்கத்தில் வந்திருக்கிறது, என்ன சங்கதி" என்று கேட்டார். கைபேசி எண்ணை வயதுப் பெட்டியில் அடித்திருக்கிறார் மனிதர். அவர் ஒருவர் என்றால் விட்டுவிடலாம், சாயந்திரத்துக்குள் நான்கு பேர்.

அப்புறம் ஒரு சந்தேகம். தலைப்புக்குக் கீழே 24, முதல் லேபிளுக்கு மேலே 16, கூட்டினால் 40 வர வேண்டும், வருவது 24. கணக்குத் தெரியாதது பிரவுசருக்கா எனக்கா?

கோலப்புள்ளி எழுதியது:

> லேபிளுக்கு மேலே 16 பிக்சல், கீழே 16 பிக்சல்

இந்த ஒரு வரியில் உங்கள் பெரியவர் ஏன் தடுமாறினார் என்பது இருக்கிறது. "கைபேசி எண்" என்ற சொல் வயதுப் பெட்டிக்கும் கைபேசிப் பெட்டிக்கும் சரியாக நடுவில் நிற்கிறது. அது எந்தப் பெட்டியின் பெயர் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நமக்குப் பழக்கம், பெயர் மேலே பெட்டி கீழே என்று மனது தானாக எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு தடவை இணையத்தில் படிவம் நிரப்புகிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அவர் கண்ணை நம்புகிறார், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

புள்ளிக்கோலம் போட்டவர்களுக்கு இது புரியும். எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் புள்ளி வைத்தால் வரிசை என்றும் தெரியாது, நிரல் என்றும் தெரியாது, வெறும் புள்ளிக்கூட்டம். பக்கவாட்டு இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், உடனே அது வரிசை வரிசையாகத் தெரியும். யாரும் கோடு போடவில்லை, ஆனாலும் கோடு தெரிகிறது. மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் 1923இல் எழுதிய கட்டுரையிலும் இப்படிப் புள்ளிகளை வைத்துத்தான் காட்டியிருப்பார், அருகில் இருப்பதைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும் என்று. நம் பாட்டிகள் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லேபிளுக்கும் அதன் பெட்டிக்கும் 4 அல்லது 6 விடுங்கள். ஒரு பெட்டிக்கும் அடுத்த லேபிளுக்கும் 24. உள்ளே ஒரு பங்கு என்றால் வெளியே குறைந்தது மூன்று பங்கு, இது என் கைப்பழக்கம், சட்டம் இல்லை.

எட்டாம்_வாய்ப்பாடு எழுதியது:

நண்பரே, 6 எல்லாம் போடாதீர்கள். எல்லாவற்றையும் 8இன் மடங்கில் வையுங்கள், 8, 16, 24, 32. மிகச் சிறிய இடத்தில் மட்டும் 4. அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம், தானாக ஒழுங்கு வந்துவிடும். எங்கள் குழுவில் 8இல் வகுபடாத எண்ணைப் போட்டால் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

கோலப்புள்ளி எழுதியது:

அவர் போட்டிருந்த 16-16 இரண்டுமே 8இன் மடங்குதான் தம்பி. வந்த ஒழுங்கைத்தான் பார்த்தோமே, பத்து இலக்கத்தில் வயது.

எட்டாம்_வாய்ப்பாடு எழுதியது:

சரி, அது நியாயமான அடி. ஆனால் 8 என்பது சும்மா ராசியான எண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்ட்ராய்டில் அடிப்படை அடர்த்தி அங்குலத்துக்கு 160 புள்ளி. 240 திரையில் எல்லாம் ஒன்றரை மடங்கு, 320இல் இரண்டு, 480இல் மூன்று. 5 என்று இடைவெளி வைத்தால் ஒன்றரை மடங்கில் 7.5, அரைப் பிக்சலை எங்கே வைப்பது? ஓரம் மங்கும், அல்லது ஒரு பக்கம் 7 ஒரு பக்கம் 8 என்று வரும். 8 என்றால் 12, 4 என்றால் 6, முழு எண். பழைய 120 திரையில்கூட 8 என்பது 6 ஆகும், 4 என்பது 3 ஆகும். இப்போது வரும் 420 திரைகளில் 2.625 மடங்கு, அதிலும் 8 என்பது சரியாக 21. 4தான் அங்கே 10.5 ஆகி இடிக்கும்.

சதுரப்பெட்டி எழுதியது:

வாய்ப்பாட்டின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அடர்த்தியான திரையில் அரைப் பிக்சல் மங்கல் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 4, 8, 16, 24, 40 என்று ஐந்தே எண்தான் உண்டு என்று குழுவுக்குள் முடிவு செய்துவிட்டால், 13ஆ 14ஆ என்று அரை மணி நேரம் சண்டை போட வேண்டியதில்லை. எந்த எண் எந்த இடத்துக்கு என்பதை வாய்ப்பாடு சொல்லாது, அதைக் கோலப்புள்ளி சொன்ன மாதிரி எது எதோடு சேர்ந்தது என்று யோசித்துத்தான் போட வேண்டும்.

இனி வைகைக்கரையின் 24 கணக்கு. அது மார்ஜின் ஒன்றோடொன்று மடிந்துபோவது. செங்குத்தாக அடுத்தடுத்து வரும் இரண்டு மார்ஜினும் கூடாது, இரண்டில் பெரியது மட்டும் நிற்கும். 24உம் 16உம் சந்தித்தால் 24. பத்திகள் மட்டும் உள்ள கட்டுரைப் பக்கத்துக்கு அது நல்ல ஏற்பாடு, இல்லாவிட்டால் இரண்டு பத்திக்கு நடுவே இரட்டை இடைவெளி விழும். படிவம், அட்டை, மெனு என்று வந்தால் தலைவலி. அதிலும் மோசம், பெற்றோர் பெட்டிக்கு, அதாவது மற்றவற்றை உள்ளே வைத்திருக்கும் பெட்டிக்கு, பேடிங்கோ (உள் இடைவெளி) பார்டரோ (ஓரக்கோடு) இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் முதல் பிள்ளையின் மேல் மார்ஜின் பெட்டியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். பெட்டியின் உள்ளே இடம் விட நினைத்தீர்கள், பெட்டியே மொத்தமாகக் கீழே இறங்கும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியை வகுக்கும் குழுவே, தாங்கள் செய்த தவறுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் இந்த மடிப்பும் இருக்கிறது. ஃப்ளெக்ஸ், கிரிட் என்ற அடுக்குமுறைப் பெட்டிகளில் வரும் பிள்ளைகளுக்கு மடிப்பு கிடையாது. அதனால்தான் சிலர் டிஸ்ப்ளேயை ஃப்ளெக்ஸ் என்று மாற்றியதும் பக்கம் திடீரென்று நீண்டுவிட்டது என்று அலறுகிறார்கள்.

என் ஆலோசனை ஒன்றுதான். லேபிளிலும் பெட்டியிலும் மார்ஜின் போடுவதையே நிறுத்துங்கள். ஒரு லேபிளுக்குத் தன் பக்கத்தில் யார் வரப்போகிறார்கள் என்று எப்படித் தெரியும்? கல்யாணப் பந்தியில் இலைக்கும் இலைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதை இலை முடிவு செய்வதில்லை, போடுகிறவர் முடிவு செய்கிறார். இடைவெளி பெற்றோர் பெட்டியின் வேலை. அதற்குத்தான் கேப் என்ற பண்பு இருக்கிறது, பிள்ளைகளுக்கு நடுவே மட்டும் இடம் விடும்.

பழைய_டேபிள் எழுதியது:

கேப் கேப் என்று இப்போது எல்லோரும் சொல்கிறீர்கள். நாங்கள் டேபிளுக்குள் டேபிள் வைத்து, ஒரு பிக்சல் அளவு கண்ணுக்குத் தெரியாத படத்தை அகலம் 20 என்று இழுத்து வைத்து இடம் விட்டவர்கள். அந்தப் படம் ஏற்றப்படாவிட்டால் பக்கம் முழுவதும் சுருங்கிவிடும். அதோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம், மறுக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். என் அப்பா சிவகாசியில் அச்சுக் கோர்த்தவர். வரிக்கும் வரிக்கும் நடுவே ஈயத் தகடு செருகுவார்கள், அதன் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் லெடிங் என்ற சொல் வந்தது. அங்கே தகடு இரண்டு வரிக்கு நடுவில் மட்டும்தான். சிஎஸ்எஸ்ஸில் அப்படி இல்லை. லைன்-ஹைட்டில் மிஞ்சுவதைப் பாதியாக்கிப் பாதியை எழுத்துக்கு மேலேயும் பாதியைக் கீழேயும் வைக்கும், ஒரே வரி இருந்தாலும் வைக்கும். 16 பிக்சல் எழுத்து, லைன்-ஹைட் 1.6 என்றால் வரி உயரம் 25.6. மிச்சம் 9.6, மேலே 4.8 கீழே 4.8. ஆகவே லேபிளுக்குக் கீழே 4 என்று நீங்கள் போட்டால் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 9. நான் 4 போட்டேன், ஆனாலும் தள்ளித் தெரிகிறதே என்று முழிக்காதீர்கள்.

கொங்கு_டிசைனர் எழுதியது:

டிசைனரை யாரும் இன்னும் திட்டவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது, நானே முன்வந்து வாங்கிக்கொள்கிறேன். நாங்கள் ஃபிக்மா என்ற டிசைன் செயலியில் 24 என்று அளந்து கொடுப்பது எழுத்துப் பெட்டியின் விளிம்பிலிருந்து, எழுத்தின் விளிம்பிலிருந்து இல்லை. பழைய_டேபிள் ஐயா சொன்ன அந்த 4.8 அங்கேயும் உண்டு. கோட் எழுதுகிறவர் லைன்-ஹைட்டை மாற்றிவிட்டு இடைவெளியை மட்டும் அப்படியே வைத்தால் இரண்டும் பொருந்தாது.

ஆனால் வைகைக்கரைக்குக் கொடுத்த டிசைனில் தப்பு இருக்கிறது, அதை மூடி மறைக்கப் போவதில்லை. பொத்தானுக்கு 40 என்று உயரத்தை ஆணி அடித்தது ஒன்று. ஆங்கிலச் சொல்லை மட்டும் வைத்து வரைந்தது இன்னொன்று. ஃபிக்மாவில் 2019 கடைசியிலிருந்து ஆட்டோ லேஅவுட் இருக்கிறது, உள்ளே இருக்கும் சொல்லுக்கு ஏற்றபடி பெட்டி வளரும்படி விடலாம். அதை வைத்திருந்தால் தமிழ்ச் சொல்லை ஒட்டிய அன்றைக்கே வரைபடத்தில் தெரிந்திருக்கும். வாடிக்கையாளர் தமிழில் எழுதிக் கொடுக்கக் காத்திருந்தால் திட்டம் முடிந்துவிடும், அதனால் நான் இப்போதெல்லாம் "கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?" என்ற வரியை எடுத்து எல்லாப் பொத்தானிலும் ஒட்டிப் பார்ப்பேன். அதைத் தாங்கும் பொத்தான் எதையும் தாங்கும்.

சதுரப்பெட்டி எழுதியது:

அந்த வரியை நானும் திருடிக்கொள்கிறேன்.

பொத்தான் வெட்டுப்படுவதற்கு வருகிறேன். உயரம் 40ஐ எடுத்துவிடுங்கள். குறைந்தபட்ச உயரம் 48, மேலும் கீழும் பேடிங் 0.6 எம் (ஒரு எம் என்பது எழுத்தளவு), லைன்-ஹைட் 1.4 அல்லது 1.5. லைன்-ஹைட் 1 என்பது ஆங்கிலப் பெரிய எழுத்தில் "ஓகே" என்று எழுதத்தான் சரி. தமிழில் "கீ"க்கு மேலே கொம்பு, "ழு"வுக்கும் "ஞ"வுக்கும் கீழே வால், மேலும் கீழும் ஆள் நிற்கிறது. இரண்டு வரி ஆனால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொம்பும் இடிக்கும்.

லைன்-ஹைட்டை நார்மல் என்று விட்டுவிடவும் கூடாது. ஃபான்ட் வரிசையில் முதலில் ஆங்கில ஃபான்ட், அதில் தமிழ் இல்லாததால் வேறொன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்மல் என்றால் அந்த இரண்டாவது ஃபான்ட்டின் உயரமும் வரிக்குள் வரும். "சிபிசி" என்று ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் வரிசை ஒரு உயரம், "சர்க்கரை" என்று தமிழ் வரும் வரிசை ஒரு உயரம். பட்டியல் முழுவதும் மேடு பள்ளமாகத் தெரியும். அலகு இல்லாமல் 1.5 என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

அரைகுறை_டெவலப்பர் எழுதியது:

இந்த வெட்டு வெப்பில் மட்டும் நடப்பதில்லை. ஆண்ட்ராய்டில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ரொம்ப காலமாக ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துகளை ஆங்கில வரி உயரத்துக்குள் அடக்க, உயரத்தைக் குறுக்கிய தனி ஃபான்ட் வடிவம்தான் இயல்பாக வரும். எலிகண்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பை ஆன் செய்தால்தான் எழுத்து தன் உண்மையான உயரத்தில் வரும். ஆண்ட்ராய்டு 5இலிருந்தே அது இருக்கிறது, நான் உட்பட யாரும் தொடவில்லை. ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைத்துக் கட்டும் செயலிகளுக்கு அது தானாக ஆன் ஆனது. 16இல் ஆஃப் செய்யும் வழியையும் எடுத்துவிட்டார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், தாய், பர்மியம் என்று உயரமான எழுத்துகள் எல்லாவற்றுக்கும்.

நல்ல விஷயம்தான், எழுத்து நிமிர்ந்து நின்றது. ஆனால் நான் 32, 36 என்று உயரத்தைக் கட்டிப்போட்டு வைத்திருந்த வரிசைகள் எல்லாவற்றிலும் ஒரே ராத்திரியில் தலையும் காலும் வெட்டு. குறை ஆண்ட்ராய்டிடம் இல்லை. இத்தனை வருடம் கூனிக்கொண்டிருந்த எழுத்துக்கு அளவெடுத்து நான் கூரை போட்டிருக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மண்டை சூடாகிறது ஆனால் நல்ல சூடு. ஒரு கேள்வி. கேப் போட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரே அளவுதானே வரும்? எனக்கு லேபிளுக்கும் பெட்டிக்கும் 4, பெட்டிக்கும் அடுத்த லேபிளுக்கும் 24 வேண்டும். அப்புறம் இந்த நிலையத்துக்கு வருகிறவர்கள் பலர் பழைய போன் வைத்திருப்பவர்கள், கேப் அதில் வேலை செய்யுமா?

சதுரப்பெட்டி எழுதியது:

ஒரு லேபிளும் அதன் பெட்டியும் ஒரு வீடு. வீட்டுக்குள் கேப் 4. வீடுகள் நிற்கும் தெரு இன்னொரு பெட்டி, அதில் கேப் 24. பிழைச் செய்தி வந்தால் அதுவும் அந்த வீட்டுக்குள்ளேயே போகும், "10 இலக்கம் வேண்டும்" என்பது எந்தப் பெட்டியைச் சொல்கிறது என்று யாரும் குழம்ப மாட்டார்கள். முதல் பிள்ளைக்கு மேலேயும் கடைசிப் பிள்ளைக்குக் கீழேயும் கேப் இடம் விடாது, ஆகவே கடைசி ஒன்றுக்கு மட்டும் மார்ஜின் 0 என்ற விதிவிலக்கும் தேவையில்லை.

பழைய போன் பற்றி: ஃப்ளெக்ஸில் கேப் ஃபயர்ஃபாக்ஸில் 2018இல், குரோமில் 84ஆம் பதிப்பில் 2020 ஜூலையில், சஃபாரியில் 14.1இல் 2021 ஏப்ரலில் வந்தது. கிரிட்டில் அதற்கும் முன்னாலேயே உண்டு. செங்குத்தாக அடுக்கும் படிவத்துக்கு கிரிட் போதும், தெருவையும் வீட்டையும் கிரிட்டாகவே வையுங்கள்.

பழைய_டேபிள் எழுதியது:

ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு டிவ், அதாவது வெற்றுப் பெட்டி, அதைச் சுற்றி ஒரு டிவ். டேபிளுக்குள் டேபிள் என்று எங்களைக் கிண்டல் செய்தவர்கள் இப்போது டிவ்வுக்குள் டிவ் வைக்கிறீர்கள். ஆந்தைத் தேர்வி (எதற்கு விதி என்று தேர்ந்தெடுக்கும் குறி, பார்க்க ஆந்தை முகம் மாதிரி இருக்கும்) போதாதா? நட்சத்திரம், கூட்டல் குறி, நட்சத்திரம், அதாவது * + *, முன்னால் ஒரு அண்ணன் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் மேல் மார்ஜின். ஹேடன் பிக்கரிங் 2014இல் எழுதிப் பரப்பியது. ஒரே வரி.

சதுரப்பெட்டி எழுதியது:

போதும் ஐயா, கட்டுரைப் பக்கத்துக்கு நான் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன். அதுவும் யார் பக்கத்தில் யார் என்பதைப் பார்த்து இடம் விடுவதுதான், எனக்கு அதோடு சண்டை இல்லை. ஆனால் பொத்தான்கள் மடங்கி இரண்டாவது வரிசைக்கு வந்தால் ஆந்தைக்குக் கண் தெரியாது, எது வரிசையின் முதல் ஆள் என்று அதற்குச் சொல்ல வழியில்லை. கேப்புக்கு மட்டும்தான் அது தெரியும்.

சொல்வெட்டி எழுதியது:

நான் மொழிபெயர்ப்பு ஆள், கோட் பக்கம் வர மாட்டேன். ஆனால் இங்கே எல்லோரும் "முன்பதிவை உறுதிப்படுத்து" என்பதைக் கல்வெட்டு மாதிரி வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் பெட்டி கட்டுகிறீர்கள். அந்தப் பொத்தானில் "பதிவு செய்" என்று எழுதக்கூடாதா? அந்தப் பக்கமே முன்பதிவுப் பக்கம், எதைப் பதிவு செய்வது என்று யாரும் கேட்கப் போவதில்லை. "முன்பதிவை ரத்து செய்" இன்னும் மோசம், இன்னும் பதிவே ஆகவில்லை, எதை ரத்து செய்வது? ஏற்கெனவே போட்ட பதிவை அழித்துவிடுமோ என்று ஒரு அம்மா பயப்படுவார். "வேண்டாம்" போதும், அல்லது "திரும்பு".

சதுரப்பெட்டி எழுதியது:

> "பதிவு செய்" என்று எழுதக்கூடாதா?

எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் சொல்லைச் சுருக்கிவிட்டோம் என்று பெட்டியைப் பழையபடி இறுக்கிவிடக் கூடாது. போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஆளுக்கு "பதிவு செய்"யும் நீளமான சொல்தான். ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அதனால்தான் பேடிங்கை எம்மில் போடச் சொன்னேன், எழுத்து வளர்ந்தால் அதுவும் வளரும்.

பொத்தான் வரிசைக்கு: ஃப்ளெக்ஸ், மடங்க அனுமதி, ஒவ்வொரு பொத்தானுக்கும் அடிப்படை அகலம் 10 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப்போல் 10 மடங்கு), மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். இடம் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில், இல்லாவிட்டால் ஒன்றின்கீழ் ஒன்று. எந்த அகலத்தில் மடங்க வேண்டும் என்று மீடியா குவரி, அதாவது திரை அகலத்துக்கான தனி விதி, எழுத வேண்டாம், இருக்கும் இடமும் எழுத்தின் அளவுமே அதை முடிவு செய்யும்.

கோலப்புள்ளி எழுதியது:

அந்த இரண்டு பொத்தானுக்கும் நடுவே எவ்வளவு விடப்போகிறீர்கள்? "சேர்ந்தவை அருகில்" என்று நான் சொன்னதை வைத்து இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள். இது கண் விஷயம் இல்லை, விரல் விஷயம். பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் சொன்னதுதான், இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் கை போய்ச்சேர நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் தவறும். தவறுகிற விரல் பக்கத்தில் இருப்பதன் மேல்தான் விழும். ஆப்பிள் 44 பாயிண்ட் கேட்கிறது, ஆண்ட்ராய்டு 48 கேட்கிறது, 2023இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 இரண்டாம் நிலைக்குக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்கிறது. 24க்கும் சிறியதாக இருந்தால் சுற்றிலும் இடம் விட்டு ஈடுகட்டலாம் என்று ஒரு விலக்கும் அதில் உண்டு. நான் இரண்டு பொத்தானுக்கும் நடுவே 16 விடுவேன், "வேண்டாம்" என்பதற்கு நிறம் நிரப்பாமல் வெறும் கோடு மட்டும் போடுவேன்.

எட்டாம்_வாய்ப்பாடு எழுதியது:

16. 8இன் மடங்கு. சும்மா சொன்னேன்.

கொங்கு_டிசைனர் எழுதியது:

இன்னொன்று. அந்த டிசைனில் லேபிளுக்கு எழுத்திடைவெளி 1 பிக்சல் போட்டிருப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தில் வைத்தால் அப்படிக் கொஞ்சம் விரிப்பது வழக்கம். தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, விரிக்க வேண்டிய தேவையும் கிடையாது. "கை பே சி எ ண்" என்று பல் விழுந்த மாதிரி நிற்கும். அதோடு அகலமும் கூடும், மடங்காத இடத்தில் மடங்கும். 0 ஆக்கிவிடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். 1.2 பிக்சல்.

சொல்வெட்டி எழுதியது:

நீளமான சொல் எங்கேதான் மடங்கும் என்பதையும் யாராவது பாருங்களேன். பரிசோதனைப் பட்டியலில் "சிறுநீரகச்செயல்பாட்டுப்பரிசோதனை" என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சேர்த்து எழுதுவது ஒரு காரணம், குறுகிய பெட்டியில் அது ஓரத்தைத் தாண்டிப் போவது விளைவு. முதலில் "சிறுநீரகச் செயல்பாடு" என்று பிரித்து எழுதுங்கள்.

சதுரப்பெட்டி எழுதியது:

பிரிக்க முடியாத சொல்லுக்கு: சொல்லுக்குள் மென்கோடு செருகலாம், "உறுதிப்" என்பதற்கும் "படுத்து" என்பதற்கும் நடுவே. தேவைப்பட்டால் மட்டும் அங்கே மடங்கும். பிரவுசர் அங்கே ஒரு சிறுகோடு போடும், தமிழ்ச் செய்தித்தாளில் சொல்லை உடைக்கும்போது யாரும் கோடு போடுவதில்லை, உறுத்தும். ஹைஃபனேட்-கேரக்டர் என்ற பண்பில் வெற்று மேற்கோளைக் கொடுத்தால் கோடு போய்விடும். அதையும் தாண்டி வந்தால் ஓவர்ஃப்ளோ-ரேப் எனிவேர், சொல்லுக்குள் எந்த இடத்திலும் மடங்க விடும்.

தயவுசெய்து ஜாவாஸ்கிரிப்ட்டில் 12 எழுத்துக்கு மேல் வெட்டி மூன்று புள்ளி வைக்காதீர்கள். அது எண்ணுவது நம் எழுத்தை இல்லை, குறிப்புள்ளிகளை, அதாவது கணினி தனித்தனியாக வைத்திருக்கும் குறிகளை. "கொ"வைப் பாதியில் வெட்டினால் "க" நிற்கும், "செய்"யின் புள்ளி போனால் "செய" ஆகும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே Intl.Segmenter இருக்கிறது, அது எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும்.

வைகைக்கரை எழுதியது, ஐந்து நாள் கழித்து:

நேற்றுத்தான் ஏற்றினேன். இப்போது கணக்கு இது: லேபிளுக்கும் பெட்டிக்கும் 4, வீட்டுக்கும் வீட்டுக்கும் 24, கடைசிப் பெட்டிக்கும் பொத்தான் வரிசைக்கும் 40, பொத்தான்களுக்கு நடுவே 16. மார்ஜின் என்ற சொல்லே கோப்பில் ஒரு இடத்தில்தான் இருக்கிறது, பக்கத்தை நடுவில் நிறுத்த ஆட்டோ என்று. நிலையான உயரம் எங்கும் இல்லை. 112 வரி இருந்த சிஎஸ்எஸ் 47 வரியாகிவிட்டது. பொத்தானில் "பதிவு செய்", "வேண்டாம்". போனில் எழுத்தை மிகப் பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடக்கமாக நின்றன.

இன்று காலை முதல் பதினேழு பதிவு, எல்லோருக்கும் வயது மனித வயதுதான். வரவேற்பு அக்கா, "என்ன தம்பி, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டாயா, படிக்க நன்றாக இருக்கிறதே" என்றார். எழுத்து அளவைத் தொடவே இல்லை.

ஒன்று மட்டும் அடங்கவில்லை. தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தேர்வுப்பெட்டி ஒரே வரிசையில். மாதப் பெட்டி அகலமாகி ஆண்டை வெளியே தள்ளுகிறது. "ஜூன்" என்று இருந்தாலும் அகலம் குறையவில்லை.

சதுரப்பெட்டி எழுதியது:

தேர்வுப்பெட்டி உள்ளே இருப்பதில் மிக நீளமான சொல்லுக்கு அகலம் எடுக்கும், தெரிந்தெடுத்த சொல்லுக்கு இல்லை. "செப்டம்பர்" உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை "ஜூன்" சுருங்காது. ஃப்ளெக்ஸ் பிள்ளைகள் தங்கள் உள்ளடக்கத்தைவிடச் சிறிதாகச் சம்மதிக்க மாட்டார்கள், மின்-வித் (குறைந்தபட்ச அகலம்) 0 கொடுங்கள், வழிக்கு வரும்.

கோலப்புள்ளி எழுதியது:

வழிக்கு வரும், அப்புறம் "செப்டம்" என்று வெட்டுப்பட்டு நிற்கும். வைகைக்கரை, ரத்தம் கொடுக்க எத்தனை நாள் முன்னால் பதிகிறார்கள்?

வைகைக்கரை எழுதியது:

நாளைக்கு, இல்லாவிட்டால் நாளை மறுநாள். மிஞ்சிப் போனால் ஒரு வாரம்.

கோலப்புள்ளி எழுதியது:

அப்படியென்றால் மூன்று பெட்டியையும் தூக்கிவிட்டு ஏழு பொத்தான் வையுங்கள். "நாளை", "வியாழன் 12", "வெள்ளி 13" என்று. கிரிட்டில் குறைந்தது 6 ரெம், மிச்சம் பங்கு, கேப் 8.

வைகைக்கரை எழுதியது:

அட. வெறும் ஏழு பொத்தான். இதை ஏன் முதல் நாளே யாரும் கேட்கவில்லை, நான் ஏன் சொல்லவில்லை. சாயந்திரம் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.